தலை மட்டும் போதுமா?

சதோஷி நகமோட்டோ முதன்முதலில் பிட்காயின் அனுப்பியது ஹால் ஃபின்னி என்ற புரோகிராமருக்கு. அதே 2009இல்தான் அவருக்கு ஏஎல்எஸ் என்று தெரிந்தது. உடல் முழுக்கச் செயலிழந்த பிறகும், கண்ணசைவைப் படிக்கும் கருவியை வைத்துக்கொண்டு கோட் எழுதினார். பழையதைவிட ஐம்பது மடங்கு மெதுவாக இருக்கும் என்று அவரே எழுதியிருக்கிறார். 2014 ஆகஸ்டில் இறந்தார். அரிசோனாவில் உள்ள ஆல்கோர் நிறுவனம் அவரை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்திருக்கிறது. முழு உடலாக.

இந்தக் கடைசி விஷயம்தான் என்னைக் குடைகிறது. ஆல்கோரில் அப்போது தலைக்கு மட்டும் என்றால் 80,000 டாலர், முழு உடலுக்கு 2,00,000. தலைக்காரர்களின் வாதம் எளிது. உறைந்த மூளையை மூலக்கூறு மூலக்கூறாகச் சரிசெய்யத் தெரிந்த காலத்துக்குப் புது உடம்பு வளர்ப்பதா கஷ்டம்? அதுவும் ஐந்து வருஷம் தன்னைச் சிறைவைத்த உடம்பை ஒருவர் ஏன் கூடவே கொண்டுபோக வேண்டும்? இன்ஜினியராக எனக்கு இதில் ஓட்டை தெரியவில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கேபினெட்டைக் காயலான் கடைக்குப் போடுகிற ஆள்தான் நான்.

ஆனால் என் லேப்டாப் பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றால் திணறுவேன். கீபோர்டில் விரல் வைத்தால் தானாக வரும். அந்த நினைவும் மூளையில்தான் இருக்கிறது, சரி. இருந்தாலும் விரல் இல்லாமல் அதை எழுப்ப எனக்கு வழியில்லை. புது விரல் அரை அங்குலம் நீளமாக இருந்தால்? பழகிக்கொள்ளலாம் என்பீர்கள். நடை, குரல், பசி என்று எல்லாவற்றையும் பழகி முடித்த பிறகு அங்கே இருப்பது நான்தானா என்பதுதானே கேள்வி.

வேடிக்கை என்னவென்றால், முழு உடலையும் அங்கே தலைகீழாகத்தான் நிறுத்துகிறார்கள். நைட்ரஜன் குறைந்தால் முதலில் கால் கெடட்டும், தலை கடைசியில் என்று. ஆக, எது முக்கியம் என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. மிச்ச 1,20,000 டாலர் ஒரு சந்தேகத்துக்கான விலை. அந்தச் சந்தேகம் எனக்கும் இருக்கிறது. பணம் இருந்தால் முழு உடல்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தலைய மட்டும் வச்சுக்கிட்டா மிச்சத்த என்ன பண்ணுவாங்க?"

எரித்துச் சாம்பலைக் குடும்பத்திடம் கொடுப்பார்கள் என்றேன்.

"அப்ப தலையே போதும். எனக்கும் ஏதாவது வேணும்ல."