வெளிச்சம் யாருக்கு?

தி.நகர் ஜவுளிக் கடைகளில் இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐம்பது சேலையைப் புரட்டிப் போட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்த அம்மா அதோடு நிறுத்த மாட்டார். 'கொஞ்சம் வெளியில கொண்டுபோய்ப் பாத்துட்டு வந்துடறேம்ப்பா' என்று சேலையோடு வாசலுக்கு நடப்பார். கடைப் பையனும் பின்னாலேயே ஓடுவான். உள்ளே மாம்பழ மஞ்சளாக ஜொலித்த சேலை, வெயிலில் பார்த்தால் வெளுத்துப்போன வேறு ஏதோ மஞ்சளாக இருக்கும். அம்மா முகம் சுருங்கும். மறுபடியும் உள்ளே போய், மறுபடியும் முதலிலிருந்து...

இதில் கடைக்காரர் பொய் சொன்னாரா? ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசியதெல்லாம் அவர் தலைக்கு மேலிருந்த விளக்குதான்.

விளக்கு பொய் சொல்லுமா? அழகு பொய் சொல்லுமா? அழகாகக் காட்டத் தெரிந்தவன், எல்லாவற்றையும் அழகாகக் காட்டிக்கொண்டே இருக்கலாமா? இந்தக் கேள்வி ஜவுளிக் கடைக்காரரைவிட அதிகமாக உறுத்த வேண்டியது சினிமா ஒளிப்பதிவாளரை. ஏனென்றால் நாம் தியேட்டரில் இருக்கிறோம். சேலையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட முடியாது. அவர் காட்டுகிற வெளிச்சம்தான் நமக்கு வெயில், நிலா எல்லாம்.

இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் என்று எனக்குத் தோன்றுகிற ஒருவர் பாலுமகேந்திரா.

இலங்கையில், மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளி நாட்களில் ஒரு சுற்றுலாவின்போது, அங்கே நடந்துகொண்டிருந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படப்பிடிப்பை வேடிக்கை பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். இயக்குநர் டேவிட் லீன் 'மழை' என்று குரல் கொடுத்தாராம். உடனே மழை கொட்டியதாம். பையன் வாயைப் பிளந்துவிட்டான். கடவுள் செய்கிற வேலையை ஒரு மனிதர் செய்கிறாரே! தானும் அப்படி ஆக வேண்டும் என்ற ஆசை அங்கேதான் முளைத்தது என்பார்.

ஆசை முளைத்தது மழைக்கு உத்தரவு போடுகிற மனிதரைப் பார்த்து. ஆனால் புனே திரைப்படக் கல்லூரியில் படித்தது ஒளிப்பதிவு. 1969-ல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். ராமு காரியாட் இயக்கிய 'நெல்லு' மலையாளப் படம் 1974-ல் வெளியானது. முதல் படத்திலேயே கேரள அரசின் ஒளிப்பதிவு விருது.

அவர் வந்த நேரத்தில் சினிமா வெளிச்சம் எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். குடிசைக்குள் ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு எரியும். ஆனால் கதாநாயகியின் முகத்தில் பௌர்ணமியே இறங்கியிருக்கும். சுவரில் அவளுக்கு மூன்று நிழல் விழும். நள்ளிரவில் தூங்குகிறவளின் தலைமுடி, பின்னாலிருந்து விழுகிற வெளிச்சத்தில் தங்கக் கம்பியாக மின்னும். அன்றைய கலர் ஃபிலிமுக்கு வெளிச்சம் நிறையத் தேவைப்பட்டது என்பது நிஜம். ஆனால் அது மட்டும் காரணமில்லை. 'ஸ்டார் முகம் பளிச்னு தெரியணும் சார்' என்பதுதான் சட்டம்.

பாலுமகேந்திரா கேட்டது ரொம்பச் சின்னக் கேள்வி. இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? ஜன்னலா, கதவா, ஓட்டுக்கூரையில் பதித்த கண்ணாடியா? அங்கிருந்து மட்டும் வரட்டும். மற்ற இடம் இருட்டாகவே இருக்கட்டும். முகத்தில் பாதி தெரியாவிட்டால் தெரியாமலே போகட்டும்.

தொழில்நுட்பம் மாதிரித் தெரிகிற இந்த விஷயத்தை நான் ஒரு நேர்மை என்றே நினைக்கிறேன். காரணம் இல்லாத வெளிச்சத்தைப் போட மாட்டேன் என்பது, ஆதாரம் இல்லாமல் பேச மாட்டேன் என்பதைப் போன்றதுதானே?

1977-ல் கன்னடத்தில் 'கோகிலா' மூலம் இயக்குநர் ஆனார். ஒளிப்பதிவும் அவரே. அதற்குத் தேசிய விருது. பிறகு 'அழியாத கோலங்கள்', 'மூடுபனி', 1982-ல் 'மூன்றாம் பிறை'. அதற்கும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது. பெரும்பாலும் கதை, இயக்கம், கேமரா, எடிட்டிங் எல்லாம் ஒரே கை.

இங்கேதான் ஒரு சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஒளிப்பதிவாளர் மட்டும்தான் என்றால், பக்கத்தில் இயக்குநர் இருப்பார். 'அழகா இருக்குப்பா, ஆனா இந்த சீனுக்கு இது வேண்டாம்' என்று சொல்ல ஒரு ஆள். ஒளிப்பதிவாளரே இயக்குநர் ஆகிவிட்டால் 'போதும்' என்று யார் சொல்வது? சமையல்காரரே பந்தி பரிமாறி, அவரே உட்கார்ந்து சாப்பிட்டு, 'ஆஹா' என்று அவரே சொல்லிக்கொள்கிற நிலைமை. நல்ல குரல் இருக்கிறது என்பதற்காகவே ஆலாபனையை இழுக்கிற பாடகரைக் கேட்டிருப்பீர்கள். வாயில் வார்த்தை நன்றாக வருகிறது என்பதற்காகவே மைக்கை விடாத பேச்சாளரைப் பார்த்திருப்பீர்கள். திறமைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதற்குச் சும்மா இருக்கத் தெரியாது. அதோடு, யார் வேலை கொடுத்தாலும் செய்யும்.

'மூன்றாம் பிறை'யையே எடுத்துக்கொள்ளுங்கள். விபத்தில் சிறுமியின் மனநிலைக்குத் திரும்பிவிட்ட பெண்ணை, ஊட்டி மலையில் வைத்துத் தாய் மாதிரிப் பார்த்துக்கொள்கிற இளைஞன். அந்த மூடுபனி, ஈரம், மங்கிய காலை எல்லாம் அந்த உறவின் மேல் போர்த்திய போர்வை போல இருக்கும். எப்போது வேண்டுமானாலும் விலகிவிடக்கூடிய போர்வை. கடைசியில் ரயில் நிலையத்தில், மழையில், அது விலகியே விடுகிறது. படம் பார்த்து எழுந்தவர்களுக்குத் தொண்டை அடைத்தது. அழகு அங்கே கதைக்கு வேலை செய்தது.

அதே படத்தில் சில்க் ஸ்மிதாவின் ஆட்டமும் உண்டு. அதே மலை, அதே கேமரா, அதே கைதேர்ந்த வெளிச்சம். ஆனால் இந்தமுறை அது கதைக்கு வேலை செய்யவில்லை. கவுன்ட்டருக்கு வேலை செய்தது. மூடுபனிக்குத் தெரியுமா, தான் எதற்காக இறங்குகிறோம் என்று?

1984-ல் ஒரு முழு மசாலாப் படம் எடுத்து, அதற்கு 'நீங்கள் கேட்டவை' என்றே பெயர் வைத்தார். அந்தத் தலைப்பில் கொஞ்சம் கோபம், கொஞ்சம் கிண்டல், கொஞ்சம் தோல்வி மூன்றுமே எனக்குக் கேட்கிறது. பழி நம் மேல்தான். 'நான் தரல சாமி, நீங்க கேட்டீங்க.' ஆனால் இந்தப் பதில் நியாயமா? கேட்டது நாம் என்றாலும் கொடுத்தது அவர்தானே? கேட்டார்கள் என்பதற்காகக் கொடுக்கிறவரை நேர்மையற்றவர் என்று சொல்லிவிடலாமா? வீட்டு வாடகை, அடுத்த படத்துக்கான முதலீடு என்று ஒருவருக்கு ஆயிரம் நெருக்கடி இருக்கும். நாம் தியேட்டரில் வசதியாகச் சாய்ந்தபடி தீர்ப்பு எழுதுவது சுலபம்.

தீர்ப்பை நான் எழுதவில்லை. அவரே நான்கு வருடம் கழித்து எழுதினார். 1988-ல் வந்த 'வீடு'.

வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலைமையில், ஒரு நடுத்தர வர்க்கத்துப் பெண் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்ட முயல்கிறாள். அவ்வளவுதான் கதை. கடன், அனுமதி, லஞ்சம், ஏமாற்றுகிற கான்ட்ராக்டர், ஏறிக்கொண்டே போகிற சிமென்ட் விலை. பாட்டு கிடையாது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்து சில பகுதிகள் மட்டும் பின்னணியில். தன் அம்மா வீடு கட்டிய நாட்களின் நினைவுதான் இந்தப் படத்துக்கு விதை என்று பாலுமகேந்திரா சொல்லியிருக்கிறார்.

இந்தப் படத்தில் கேமரா என்ன செய்கிறது என்று யோசித்தால், எதுவுமே செய்யவில்லை என்றுதான் முதலில் தோன்றும். சித்தாள் பெண் மணல் சுமக்கிறாள். ஊட்டிப் பனியை அப்படி எடுத்தவருக்கு, அவள் நெற்றி வியர்வையை முத்து மாதிரி மின்ன வைக்க எத்தனை நேரம் ஆகும்? பின்னாலிருந்து ஒரு விளக்கு, ஐந்து நிமிடம். பறக்கிற சிமென்ட் தூசியைத் தங்கப்பொடி ஆக்கியிருக்கலாம். ஆக்கவில்லை. தூசி தூசியாகவே இருக்கிறது. வியர்வை வியர்வையாகவே இருக்கிறது.

முத்து மாதிரி மின்னியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று கேட்கலாம். நாம் 'ஆஹா' என்று சொல்லியிருப்போம். 'ஆஹா' சொன்ன வாய் 'அடப்பாவமே' என்று சொல்லாது. கஷ்டத்தை அழகாக்கிக் காட்டினால், பார்க்கிறவனுக்குக் கஷ்டம் உறுத்தாது. அங்கேதான் அழகு பொய் சொல்கிறது.

படத்தில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், ஒருநாள் தனியாகவே கிளம்பி, பாதி கட்டிய அந்த வீட்டைப் பார்க்கப் போவார். ஒவ்வொரு அறையாக நடப்பார். பூசாத சுவரைத் தடவுவார். வசனம் இல்லை. நாம் பார்ப்பது ஒரு கிழவரின் கை, ஒரு செங்கல் சுவர். அதன் பிறகு அதிக நேரம் அவர் உயிரோடு இல்லை. கடைசியில் அந்த நிலமே குடிநீர் வாரியம் கையகப்படுத்தியது என்று தெரியவந்து, அவள் நீதிமன்றத்தில் காத்திருக்கிறாள். படம் முடிந்துவிடுகிறது. வீடு கிடைத்ததா என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை.

'வீடு' படத்துக்கு இரண்டு தேசிய விருதுகள். சிறந்த தமிழ்ப்படம், சிறந்த நடிகை அர்ச்சனா. ஒளிப்பதிவுக்கு இல்லை. அந்த ஆண்டின் ஒளிப்பதிவு விருது 'நாயகன்' படத்துக்காக பி.சி.ஸ்ரீராமுக்குப் போனது. மிகச் சரியான விருது. 'நாயகன்' கதைக்கு அந்த இருட்டும் நிழலும் தேவைப்பட்டன. 'வீடு' கதைக்கு ஒளிப்பதிவாளர் கண்ணில் படாமல் இருப்பது தேவைப்பட்டது. இரண்டு தேசிய விருது வாங்கிய கை, யாரும் கவனிக்காதபடி வேலை செய்திருக்கிறது. ஒரு கலைஞனுக்கு இதைவிடக் கஷ்டமான காரியம் இருக்க முடியுமா என்ன?

ஒரு சந்தேகம் வரும். இயற்கை வெளிச்சம் மட்டும் என்ன பரிசுத்தமா? எந்த ஜன்னல், எத்தனை மணி வெயில், கேமரா எந்தப் பக்கம் என்று அவர்தானே முடிவு செய்கிறார்? அதுவும் ஒருவகை ஜோடனைதானே?

வாஸ்தவம். கேமராவை ஓரிடத்தில் வைத்த நிமிடமே தேர்வு ஆரம்பமாகிவிடுகிறது. தேர்வே இல்லாத கலை கிடையாது. ஆகவே 'ஜோடித்தாயா, இல்லையா' என்பது சரியான கேள்வி இல்லை. 'யாருக்காக ஜோடித்தாய்' என்பதுதான் கேள்வி. சில்க் ஸ்மிதா ஆட்டத்தின் வெளிச்சம் நம் கண்ணுக்காக. பாகவதர் கை மேல் விழும் வெளிச்சம் பாகவதருக்காக. கருவி ஒன்று, கை ஒன்று. விசுவாசம்தான் வேறு.

நம் ஊரில் ஒளிப்பதிவாளர்கள் இயக்குநர் ஆவது புதிதில்லை. தங்கர் பச்சான், ராஜீவ் மேனன், ஜீவா, கே.வி.ஆனந்த் என்று நீண்ட வரிசை. பாலுமகேந்திராவிடம் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இயக்குநர் ஆன பிறகும் அவர் அடுத்தவர் படத்துக்குக் கேமரா பிடித்தார். 1978-ல் மகேந்திரனின் 'முள்ளும் மலரும்'. 'மூன்றாம் பிறை' வந்து பெயர் வாங்கிய பிறகு, மணிரத்னம் என்ற புதுப் பையனின் முதல் படமான 'பல்லவி அனுபல்லவி' (1983). 'போதும் சார்' என்று அடுத்தவர் சொன்னால் கேட்டுக்கொள்கிற இடத்தில் அவ்வப்போது போய் நிற்பது திறமைசாலிகளுக்கு நல்ல மருந்து. அதிகாரம் தலைக்கேறாது.

பின்னாளில் 'சினிமா பட்டறை' தொடங்கினார். அவரிடம் பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி என்று பலர் வேலை கற்றார்கள். இவர்கள் படங்களில் ஊட்டிப் பனி கிடையாது. ஆளுக்கொரு வெயில், ஆளுக்கொரு புழுதி. குருவின் அழகை நகல் எடுக்காமல், தங்கள் கதைக்கு என்ன வேண்டும் என்று தேடியிருக்கிறார்கள்.

சரி, நமக்கு இதில் என்ன இருக்கிறது? நாம் கேமராமேன் இல்லையே என்கிறீர்களா? இன்று எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. நாம் கேட்காமலே முகத்துப் பருவை அழித்து, நிறத்தைக் கூட்டிக் கொடுக்கிறது செல்போன். அதை விடுங்கள். வக்கீலுக்கு வாதம், டாக்டருக்கு நோயாளி மிரளும் பாஷை, விற்பனைப் பிரதிநிதிக்குச் சிரிப்பு, எழுதுகிறவனுக்கு உவமை. ஒவ்வொருவரிடமும் ஒரு பேக் லைட் இருக்கிறது. தரகர் 'பத்து நிமிஷத்துல பஸ் ஸ்டாண்டு' என்கிறாரே, அதுவும் ஒரு லைட்டிங்தான். அதைப் போடத் தெரிவது திறமை. எந்த இடத்தில் அணைக்க வேண்டும் என்று தெரிவதற்கு வேறொன்று வேண்டும். அதற்குத் தங்கப் பதக்கம் கொடுக்கிற கல்லூரி எதுவும் இல்லை.

2013-ல் வந்த 'தலைமுறைகள்' அவருடைய கடைசிப் படம். முதிய தாத்தாவாக அவரே நடித்தார். விழாக்களில், புகைப்படங்களில் எப்போதும் தொப்பியோடு பார்த்துப் பழகிய முகம். படத்தில் தொப்பி இல்லை. எந்த வெளிச்சம் வயதைப் பத்து வருடம் குறைக்கும், எந்தக் கோணம் சுருக்கத்தை மறைக்கும் என்பது தமிழ்நாட்டில் அவரைவிட நன்றாக யாருக்குத் தெரிந்திருக்கும்? எதையும் மறைக்காமல் வந்து நின்றார். படம் வந்த சில வாரங்களில், 2014 பிப்ரவரி 13-ம் தேதி காலமானார்.

அந்தப் படம் கிடைத்தால் ஒருமுறை பாருங்கள். கதைக்காக இல்லாவிட்டாலும், அந்த முகத்துக்காக.