ஸ்லைடு என்ன வேதமா?

ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி திரையில் விழும் முக்கோணம் ஒன்று உண்டு. படிப்பதில் 10 சதவீதம் மனத்தில் தங்கும், கேட்பதில் 20, பார்ப்பதில் 30 என்று போய், செய்து பார்ப்பதில் 90 சதவீதத்தில் முடியும். எண்கள் இப்படிப் பத்துப் பத்தாக அடுக்கி நிற்பதே சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். கிளப்புவதில்லை, திரை வெளிச்சத்துக்கு அப்படியொரு அதிகாரம். யார் சோதித்தார்கள், எத்தனை பேரை என்று யோசிப்பதற்குள் அடுத்த ஸ்லைடு வந்துவிடும். புத்தகம் என்றால் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். இங்கே பொத்தான் பேசுகிறவர் கையில்.

ஸ்லைடில் ஆதாரம் போடுவதை நன்றிக்கடனாகவோ காப்புரிமைத் தொல்லையாகவோதான் பலரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பழைய கேள்வி ஒன்று இதில் இருக்கிறது: பிறர் வாய்ச்சொல் எப்போது அறிவாகிறது? நம்பத் தகுந்தவர் சொல்லே பிரமாணம் என்றது நியாய மரபு. காட்சி, கருதல், உரை என்று அறியும் வழிகளான அளவைகளைப் பேசிவிட்டுத்தான் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் மேலே போகிறார். இரண்டு இடத்திலும் சொல்லுக்குப் பின்னால் சொல்லுபவர் ஒருவர் வேண்டும். வேதத்துக்குப் பொருள் காணும் மரபினரான மீமாம்சகர் மட்டும் வேதத்துக்கு விலக்குக் கேட்டார்கள். அது அபௌருஷேயம், யாரும் இயற்றியதல்ல. ஆகவே இயற்றியவரின் மறதியோ ஆசையோ பொய்யோ அதில் புக வழியில்லை என்பது வாதம். அந்த ஒரு விலக்குக்காக அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடினார்கள். நம் ஸ்லைடோ, அடியில் ஒரு வரியை விட்டுவிட்டு அதே பதவியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

மீமாம்சகர் இங்கே குறுக்கிடலாம். ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் கேட்டால், அந்த ஆதாரத்துக்கு ஆதாரம், அதற்கும் ஆதாரம் என்று முடிவில்லாமல் போகும். பொய் என்று தெரியும்வரை அறிவை மெய்யென்றே கொள்ள வேண்டும் என்பார் குமாரிலர் வழி வந்தவர். நியாயமான பேச்சுதான். நானும் ஆதாரத்தை நிரூபணம் என்று சொல்லவில்லை. ஆனால் ‘பொய் என்று தெரியும்வரை’ என்றால், தெரிந்துகொள்ள ஒரு வழி திறந்திருக்க வேண்டுமே. அந்த முக்கோணத்தையே எடுத்துக்கொள்வோம். சிலர் அதன் அடியில் அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேலின் பெயரைப் போடுவார்கள். 1946-இல் வெளிவந்த அவருடைய நூலில் அனுபவக் கூம்பு ஒன்று இருப்பது உண்மை, சதவீதங்கள் கிடையாது. அவை பிறகு யாரோ ஒட்டியவை. வேறு சிலர் அமெரிக்காவின் என்.டி.எல். நிறுவனத்தைக் காட்டுவார்கள், மூல ஆய்வு தங்களிடம் இல்லை என்று அந்த நிறுவனமே சொல்லிவிட்டது. ஆக, ஆதாரமும் பொய் சொல்லும் என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆனால் பொய் பிடிபட்டது எப்படி? பெயர் எழுதியிருந்ததால்தான். தப்பான விலாசமாக இருந்தாலும் அங்கே போய்க் கதவைத் தட்ட முடிந்தது.

நம் முன்னோர் பெயரா போட்டார்கள், தொல்காப்பியமே ‘என்ப’, ‘என்மனார்’ என்றுதானே நகர்கிறது என்று கேட்பார்கள். அந்தச் சொற்கள் இது என் சொந்தச் சரக்கல்ல என்று ஒப்புக்கொள்பவை. நம் ஸ்லைடுகளில் அதுகூட இல்லை. தவிர, ஆசிரியரும் மாணவரும் ஒரே திண்ணையில் இருந்தவரை ‘யார் என்ப?’ என்று கேட்டால் பதில் கிடைத்திருக்கும். திண்ணை கலைந்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு உ.வே.சாமிநாதையர் பட்ட பாடு இருக்கிறது. 1887-இல் வந்த சீவக சிந்தாமணிப் பதிப்புக்காக நச்சினார்க்கினியர் உரையில் இறங்கியவர், நூற்பெயர் இல்லாமல் காட்டப்பட்ட செய்யுட்கள் எங்கிருந்து வந்தவை என்று ஏடு ஏடாகத் தேட வேண்டியிருந்தது. உரையாசிரியர் காலத்தில் படித்தவர்களுக்கு அவை மனப்பாடமாக இருந்திருக்கும்.

இடம் போதாது, அழகு கெடும் என்பது பெரிய ஆட்சேபம் அல்ல. பெயர், ஆண்டு, பக்கம் மூன்றும் ஒரு சிறிய வரியில் அடங்கும். எல்லாவற்றையும் கடைசி ஸ்லைடில் மொத்தமாகப் போட்டுவிடுகிறோமே என்பார்கள். ‘நன்றி’க்கு முன்னால் மூன்று நொடி நிற்கிற பட்டியல் அது. அரங்கில் இருப்பவர்கள் போனை உயர்த்திப் படம் எடுப்பது முக்கோணத்தை. வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றப் போவதும் அதுதான்.