கடைமடைக்கும் தண்ணீர்



கோவிலுக்கு வரும் வழியில் எல்லாருமே பாலத்தில் ஒரு நிமிடம் நின்று வாய்க்காலைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். எனக்குத் தெரியும், நானும் பார்த்தேன். ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, மதகு மதகாகத் தாண்டி நம் கடைமடைக்கு வந்து சேர வேண்டும். அணையில் நூறு அடிக்கு மேல் தண்ணீர் நின்றாலும், நடுவில் வெங்காயத் தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால் நம் வயலுக்கு ஒரு சொட்டும் ஏறாது. அதைத் திட்டாத விவசாயி இங்கே ஒருவரும் இல்லை.

இன்று ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு. இயேசுவின் தாத்தா பாட்டியான புனித சுவக்கின், அன்னா திருநாளான 26ஆம் தேதியை ஒட்டி, தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளாக இதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்தினார். அவரே 88 வயதில், உயிர்ப்புப் பெருவிழா அன்று மக்களுக்கு ஆசி கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் கண்ணை மூடியவர். அதனால் இன்று கடைமடையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வயலை அல்ல, வயதை.

முதல் வெள்ளிக்கிழமை வீடு வீடாக நற்கருணை கொண்டுபோகிறேன். ஒரு வீட்டில் பெரியவரிடம், "சாப்பிட்டீங்களா தாத்தா?" என்று கேட்டேன். "மழையா? இல்லை சாமி" என்றார். மருமகள் என் காதருகே வந்து, "பெருசுக்குப் புத்தி மங்கிடுச்சு சாமி, ஒன்னு கேட்டா ஒன்னு சொல்லுது" என்றார். எனக்குச் சந்தேகம். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் காதைக் காட்டச் சொன்னேன். காதில் கட்டி கட்டியாய் அழுக்கு. எடுத்துவிட்டார்கள், ஒரு காதுக்கு மெஷினும் கிடைத்தது. அடுத்த மாதம் போனபோது, போன மாதப் பிரசங்கத்தில் நான் தப்பாகச் சொன்ன ஒரு பெயரைத் தாத்தா எனக்குத் திருத்திச் சொன்னார்! அவர் புத்தியில் குறை இல்லை. வழியில்தான் அடைப்பு.

சாமுவேலின் இரண்டாம் நூலில் பர்சில்லாய் என்று ஒரு பெரியவர் வருகிறார். வயது 80. தாவீது அரசர் அவரை அரண்மனைக்கே கூப்பிடுகிறார். அவரோ, சாப்பாட்டின் ருசியும் தெரியவில்லை, பாட்டும் காதில் விழவில்லை, நான் எதற்கு உங்களுக்குச் சுமையாக என்று சொல்லி ஊருக்கே திரும்பிவிடுகிறார். காது போனால் ஆள் தானாகவே ஒதுங்கிவிடுவார் என்பது அன்றைக்கே எழுதி வைத்த சங்கதி. லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த குழு 2024இல் இதையேதான் கணக்காகச் சொன்னது. மறதி நோய்க்கு வழிவிடுகிற காரணங்களில் நம்மால் மாற்றக்கூடியவை 14. அவற்றைச் சரிசெய்தால், அந்த நோய் வருகிற நூறு பேரில் 45 பேருக்கு அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும். காது கேளாமை அதில் ஒன்று. வைத்தியம் பார்க்காமல் விட்ட கண், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, புகை, குடி, உட்கார்ந்தே இருப்பது, ஆள் துணை இல்லாமல் போவது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மூன்று வேளையும் சோறு தின்கிற ஊர் நம்முடையது. சர்க்கரையைப் பற்றி நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வந்த மாத்திரையைத் திருக்குடும்பப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தால் புனித சூசையப்பர் வந்து விழுங்கமாட்டார்.

அமெரிக்காவில் நோட்ர டாம் சபையைச் சேர்ந்த 678 அருள்சகோதரிகள் ஓர் ஆய்வுக்குத் தங்களையே கொடுத்தார்கள். 1986இல் தொடங்கிய ஆய்வு அது. ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு உட்கார்ந்தார்கள். இறந்த பிறகு மூளையையும் ஆய்வுக்கே எழுதி வைத்தார்கள். அவர்களில், ஆய்வில் சகோதரி மேரி என்று குறிப்பிடப்படுகிறவர் 101 வயது வரை இருந்தார். கடைசி வரை தெளிவாக இருந்தார். இறந்தபின் மூளையைப் பார்த்த மருத்துவர்களுக்குத் திகைப்பு: மறதி நோயின் தடங்கள் அதில் நிறையவே இருந்தன. நோய் வந்திருந்தது, ஆனால் ஆள் அசையவில்லை. ஏன் என்று மருத்துவம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்த அம்மா 84 வயது வரை பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். லூக்கா நற்செய்தியில் வரும் பானுவேலின் மகள் அன்னாவுக்கும் அதே 84. ஏழு ஆண்டுதான் கணவரோடு வாழ்ந்தவர். மூலையில் முடங்காமல் கோவிலிலேயே கிடந்ததால்தான், ஆயிரம் பேர் வந்துபோகிற கூட்டத்தில் எந்தக் குழந்தை இயேசு என்று அவரால் கண்டுகொள்ள முடிந்தது. கண்டதும் சும்மா இருக்கவில்லை, எல்லாரிடமும் போய்ச் சொன்னார்.

அவ்வளவு தூரம் போவானேன். நம் கடைமடையிலேயே ஒருவரைப் பார்த்தோம். நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர், காந்தியவாதி. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1926இல் திண்டுக்கல் பக்கம் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்தவர். 1968 டிசம்பர் 25, நாம் கிறிஸ்து பிறப்பு விழா கொண்டாடி முடித்த அதே இரவில், கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிந்துபோனார்கள். அதைக் கேட்டு இந்தப் பக்கம் வந்தவர்தான் அந்த அம்மா. அன்று பாட்டு பாடிவிட்டுத் தூங்கப்போன நாம் அதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1981இல் கணவரோடு சேர்ந்து லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கி, மிராசுதார்களிடம் பேசி, வங்கிக் கடன் வாங்கி, நிலமில்லாத குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தார். பெரும்பாலும் பெண்கள் பெயரில். வயலெல்லாம் உப்பாக்கிக்கொண்டிருந்த இறால் பண்ணைகளை எதிர்த்துக் கணவர் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அம்மாவுக்கு 70 வயது. சுவீடனில் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றபோது 82. பத்மபூஷண் அறிவித்தபோது 93.

யோசுவா நூலில் காலேபு 85 வயதில் வந்து நின்று, அந்த மலைநாட்டை எனக்குக் கொடுங்கள் என்று கேட்பார். தமக்காகக் கேட்டார். இந்த அம்மா அந்த வயதிலும் அடுத்தவருக்காகக் கேட்டார். காலையில் கண் விழித்தால் யாருக்காகவோ போக ஓர் இடம் இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நாம் அப்படி ஏதாவது ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறோமா? "நீங்க சும்மா உட்காருங்கப்பா" என்று பாசத்தோடுதான் சொல்கிறோம். விதைநெல்லைத் தொடவிடுவதில்லை, கணக்கைக் கேட்பதில்லை, டிவி முன்னால் நாற்காலியைப் போட்டுவிடுகிறோம். வாய்க்காலில் நாமே மண்ணைக் கொட்டிவிட்டுக் கடைமடை காய்ந்துவிட்டது என்கிறோம்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்கு மறதி வரும். நடப்பார், செபிப்பார், சர்க்கரை இருக்காது, ஆனாலும் ஒருநாள் பெற்ற மகளைப் பார்த்து "நீ யாரும்மா?" என்பார். அது அவர் குற்றமல்ல. கடவுளின் தண்டனையும் அல்ல. சீராக்கின் ஞானம் மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். தந்தைக்கு அறிவாற்றல் குறைந்துபோனாலும் அவரை இழிவாக நடத்தாதே, பொறுத்துக்கொள் என்று மகனுக்குச் சொல்கிறது அது. புத்தி உள்ளவரை மதி என்று அதில் எழுதவில்லை.

அந்தக் காலத்தில் தண்ணீர் வருவதற்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போவார்கள். குடிமராமத்து. என் வயலுக்கு வந்துவிட்டது, நான் ஏன் வெட்ட வேண்டும் என்று தலைமடைக்காரரும் சொல்ல முடியாது. அதையேதான் கேட்கிறேன். ஒவ்வோர் அன்பியத்திலும் எண்பது தாண்டியவர்கள் யார் யார் என்று இந்த வாரம் எழுதுங்கள். வாரம் ஒருமுறை இரண்டு மறைக்கல்விப் பிள்ளைகள் போய் உட்காரட்டும். போதனை செய்ய வேண்டாம். கேள்வி கேட்கட்டும்: 1977 புயலில் எங்கே இருந்தீங்க? குறுவைக்கு என்ன நெல் போட்டீங்க? இந்த வாய்க்காலுக்குப் பழைய பெயர் என்ன? கொஞ்சம் உரக்கக் கேட்கட்டும். காது, கண் பார்க்க வேண்டியவர்களின் பெயரை என்னிடம் கொடுங்கள். ஆட்டோ செலவு பங்கினுடையது. அதற்காக இரண்டாம் காணிக்கை எடுக்கமாட்டேன், பயப்படாதீர்கள்.

இப்போது நம்பிக்கை அறிக்கை. பாட்டிமார்கள் இன்னும் அதை விசுவாசப் பிரமாணம் என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகளின் பெயரே மறந்துபோனவர்கள்கூட இதைக் கேட்டால் கூடவே உதடு அசைப்பதை நான் பார்த்திருக்கிறேன். எழுந்து நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்தே சொல்லுங்கள். அவர்கள் பக்கத்தில் நிற்பவர்கள் மட்டும் இன்று கொஞ்சம் மெதுவாக, சத்தமாகச் சொல்லுங்கள்.