துபாய் வீடும் திருப்பூர்க் கணக்கும்

துபாயில் 20 லட்சம் திர்ஹாமுக்கு வீடு வாங்கினால் பத்து ஆண்டுக்கான கோல்டன் விசா கிடைக்கும். சம்பளத்துக்கோ வீட்டு வாடகைக்கோ அங்கே தனிநபர் வருமான வரி கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர்கள், விசா கைக்கு வந்த அன்றே இந்திய வரி விட்டுப்போயிற்று என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சேமிப்பையெல்லாம் போட்டுக் கிளம்புகிறவர்கள் இப்படி நம்பி ஏமாறுவது எனக்கு வருத்தம் தருகிறது.

விசா, ஒரு நாட்டில் தங்க அனுமதி கொடுக்கிறது. வரிச் சட்டமோ நீங்கள் எங்கே, எத்தனை நாள் இருந்தீர்கள் என்று எண்ணிப் பார்க்கிறது. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தவர் இங்கே ரெசிடெண்ட். அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்தவரும் ரெசிடெண்ட்தான். இதுவரை இங்கேயே குடியிருந்து வந்தவர் முழு ரெசிடெண்ட்டாகவே தொடர்வார். துபாய் வாடகை உட்பட உலகில் எங்கே சம்பாதித்தாலும் அவர் இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டும்.

திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர் ஒருவர் ஆகஸ்ட் 15 அன்று கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்டில் 15 என்று கூட்டினால் 137 நாள். 182-க்குக் குறைவு, ஆனால் 60-ஐத் தாண்டிவிட்டது. வேலைக்காக வெளிநாடு போகிற இந்தியக் குடிமக்களுக்கு இந்த 60 நாள், 182 ஆகத் தளர்த்தப்படுகிறது. சொந்தத் தொழிலுக்குப் போவதும் வேலைக்குப் போவதுதான் என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அங்கே கடை திறந்து உட்காருகிறவருக்குப் பிடிமானம் உண்டு. வீட்டை மட்டும் வாங்கிப் பூட்டிவிட்டு, முதலீட்டாளர் விசாவோடு நிற்கிறவர் எந்த வேலைக்குப் போனார் என்று அதிகாரி கேட்டால் என்ன பதில் சொல்வது? எந்த விசா என்பது வரியைத் தொடும் இடம் இதுதான்.

முதல் ஆண்டைக் கடந்தாலும் எண்ணிக்கை நிற்காது. இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால், ஊருக்கு வந்துபோகிறவருக்கான வரம்பு 182-லிருந்து 120 நாளாகக் குறைகிறது. அதே அளவு இந்திய வருமானம் உள்ள குடிமகன் வேறெந்த நாட்டிலும் வரி கட்டும் கடமையில்லாதவராக இருந்தால், இந்தியாவில் ஒரு நாள்கூடத் தங்காவிட்டாலும் ரெசிடெண்டாகவே கருதப்படலாம். இரண்டும் 2020-இல் வந்த மாற்றங்கள். இப்படிக் கருதப்படுகிறவரின் வெளிநாட்டு வருமானத்துக்குப் பொதுவாக வரி இல்லை. ஆனால் துபாய்த் தொழிலைத் திருப்பூரில் உட்கார்ந்து நடத்தினால் அந்த லாபத்துக்கு இங்கே வரி உண்டு.

பணம் அனுப்புவதிலும் கணக்கு இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் அனுப்பலாம். 20 லட்சம் திர்ஹாம் என்பது சுமார் 5,45,000 டாலர். கணவன் மனைவி இருவரும் முழு அளவு அனுப்பினாலும் 45,000 டாலர் குறையும். மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் மீதி என்று பிரித்து அனுப்புவது அதனால்தான். முதலீட்டுக்காக அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், அதற்கு மேற்பட்டதற்கு 20 சதவீதம் வங்கி பிடித்துக்கொள்ளும். ரிட்டர்னில் அதை வரவு வைத்துக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். முழு ரெசிடெண்டாக இருக்கும்வரை துபாய் வீட்டை ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். மறைத்தால் 2015-இன் கருப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம்.

அமெரிக்காவின் ஈபி-5 முதலீட்டாளர் விசா துபாய் விசாவுக்கு நேர் எதிர். 8 லட்சம் டாலர் முதலீட்டில் தொடங்கும் அந்த வழியில் கிரீன் கார்டு வந்ததும் உலக வருமானம் முழுவதும் அமெரிக்க வரிக்குள் போய்விடும். இங்கே எஸ்ஐபி-யில் சேர்த்த மியூச்சுவல் ஃபண்டுகளுக்குக்கூட அங்கே கடுமையான தனி விதி உண்டு. கிளம்பும் முன் அவற்றைத் தொடர்வதா விற்பதா என்று முடிவெடுப்பது நல்லது.

வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரிடம் போங்கள். கடந்த நான்கு ஆண்டு முத்திரைகளையும் தேதி வாரியாக எழுதிக் கூட்டச் சொல்லுங்கள்.