யார் தந்த பெரும்பான்மை?

எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காத தேர்தலுக்குப் பிறகு, எதிரெதிராக நின்று வாக்குக் கேட்டவர்கள் ஒன்றுகூடி ஆட்சி அமைக்கலாமா? சட்டம் தயங்காமல் 'அமைக்கலாம்' என்கிறது. அவையில் பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தால் அதற்குப் போதும். உயர்ந்த கைகள் ஒரு மாதத்துக்கு முன் யாரை எதிர்த்துக் கும்பிட்டு வாக்குக் கேட்டன என்று அது விசாரிப்பதில்லை. அந்த விசாரணையை அறம்தான் நடத்த வேண்டும். அப்படி நடத்துவதற்குத் தமிழ்நாட்டின் முதல் பொதுத்தேர்தலைவிடப் பொருத்தமான வழக்கு வேறில்லை. அந்த வழக்கின் ஒரு நுனி ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கிறது.

1949 முதல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர். எளிமைக்குப் பெயர் பெற்ற காந்தியவாதி. தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அப்படிப்பட்டவரை 1952 தேர்தலில் சொந்த மண்ணான ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதி தோற்கடித்தது. அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியிலிருந்து காங்கிரஸின் காமராஜர் வென்றார். ஆகவே மக்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கட்சியைத் தூக்கி எறிந்தார்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் கோபம் மாகாண ஆட்சியின் மீது இருந்தது. உணவுப் பஞ்சக் காலம் அது. ஊரில் இருப்பவருக்கு ரேஷன் அரிசி போதவில்லை. வத்திராயிருப்பு, கான்சாபுரம் போல மலையடிவாரத்தில் நெல் விளைகிற ஊர்களில் விளைவித்தவருக்கோ, தன் நெல்லைத் தன் விருப்பப்படி விற்க உரிமையில்லை. வாங்குபவர், விற்பவர் இருவரையும் ஒரே நேரத்தில் வருத்திய ஆட்சிக்கு மாகாணம் முழுவதும் ஒரே விதமான பதில் கிடைத்தது. மொத்தம் 375 இடங்களில் காங்கிரஸ் 152 மட்டுமே பெற்றது. பெரும்பான்மைக்கு 188 வேண்டும். கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களைப் பிடித்தது. பக்தவத்சலம் உட்பட அமைச்சர்கள் பலர் தோற்றார்கள்.

அந்தத் தேர்தலில் வாக்களித்த முறையை நினைவில் கொள்வது இங்கே அவசியம். இன்றுபோல் ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களும் இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவர் சின்னம். வாக்காளர் தடுப்புக்குள் போய், தான் விரும்பிய பெட்டியைத் தேடிச் சீட்டைப் போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலித் தொழிலாளி, காங்கிரஸின் இரட்டைக் காளைப் பெட்டியைப் பார்த்து, அதைத் தாண்டிப் போய், வேறொரு பெட்டியில் சீட்டைப் போட்டார் என்றால் அதில் குழப்பமே இல்லை. அது வேண்டாம், இது வேண்டும் என்று கையாலேயே சொல்லிவிட்டார்.

முடிவுகள் வந்தபின் நடந்தவற்றைப் பார்ப்போம். காங்கிரஸ் அல்லாத கட்சிகள் முன்னாள் முதலமைச்சர் பிரகாசம் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணியாகத் திரண்டு, 166 உறுப்பினர்கள் தம் பக்கம் என்றன. அதுவும் பெரும்பான்மை ஆகாது. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவர்களை அழைக்கவில்லை. தேர்தலில் நிற்காத ராஜாஜியைக் காங்கிரஸ் கட்சி தலைமையேற்க அழைத்தது. ஆளுநர் அவரை மேலவைக்கு நியமித்தார். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நியமன இடம் அது. 1952 ஏப்ரல் 10 அன்று ராஜாஜி முதலமைச்சராகப் பதவியேற்றார். நியமனத்தை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர்நீதிமன்றம் போனார், நீதிமன்றம் தலையிடவில்லை.

மீதி எண்ணிக்கையில் ஒரு பகுதி எப்படி வந்தது? வடார்க்காடு, செங்கற்பட்டு வட்டாரங்களில் 6 இடங்களை வென்ற காமன்வீல் கட்சியின் மாணிக்கவேல் நாயக்கர் அமைச்சரானார். தென்னார்க்காட்டில் பலம் பெற்றிருந்த ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி, தன் 19 உறுப்பினர்களுடன் வெளியிலிருந்து ஆதரவு தந்தது. இரண்டும் காங்கிரஸை எதிர்த்து வென்ற கட்சிகள். தேர்தலில் போட்டியிடாத தி.மு.க., திராவிட நாடு கோரிக்கையை ஏற்றுக் கையெழுத்திட்டவர்களுக்கு ஆதரவு கேட்டது. அந்த ஆதரவும் இவ்விரு கட்சிகளுக்குக் கிடைத்திருந்தது. ஜூலை 3 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் ராஜாஜிக்கு 200 வாக்குகள், எதிராக 151. இரட்டைக் காளைப் பெட்டியைத் தாண்டிப் போய் விழுந்த சீட்டுகளில் ஒரு பகுதி, கடைசியில் இரட்டைக் காளையின் கணக்கிலேயே சேர்ந்தது.

இதற்கு ஆதரவான வாதங்கள் லேசானவை அல்ல. தனிப்பெரும் கட்சியை அழைப்பது பல நாடுகளின் வழக்கம். எதிரணியை இணைத்திருந்தது காங்கிரஸ் எதிர்ப்பு மட்டுமே; ஆட்சிக்கு வந்தால் எந்தத் திட்டத்தை நடத்துவது என்பதில் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்திருக்குமா என்பது சந்தேகம். அவர்கள் கூட்டும் முடிவுக்குப் பின் பிறந்ததுதான். அந்த வகையில் அவர்களுக்குத் தார்மீக மேன்மை ஏதுமில்லை. பஞ்சம் நிலவும் மாகாணத்தில் மாதக்கணக்கில் அரசில்லாமல் விடுவதும் பாவம். மேலும் ராஜாஜி ஜூன் மாதமே உணவுக் கட்டுப்பாடுகளை நீக்கினார். மக்களுடைய முதல் குறை தீர்ந்தது. பலன் நல்லதென்றால் வழியைப் பற்றி ஏன் வழக்கு?

ஏனென்றால் அதே ஆட்சி அடுத்த ஆண்டு மற்றொன்றையும் செய்தது. 1953இல் கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. 'குலக்கல்வி' என்று நாடு கொதித்தது. அந்தத் திட்டத்தைத் தேர்தலில் மக்கள் முன் வைத்தவர் எவரும் இல்லை. வைக்க வேண்டியவர் தேர்தலிலேயே நிற்கவில்லை. மக்களிடம் கேட்காமல் வந்த ஆட்சி, உணவுக் கட்டுப்பாட்டில் மக்கள் மனத்தைச் சரியாகப் படித்தது. கல்வியில் படிக்கத் தவறியது. நல்லது நடந்தபோது அது ஆள்பவரின் அறிவால் நடந்தது. கெட்டது நடந்தபோது அதைத் தடுக்க வாக்காளரிடம் எந்தப் பிடியும் இல்லை. பலனை மட்டும் வைத்து ஆட்சியின் பிறப்பை நியாயப்படுத்துகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து எடை போட வேண்டும்.

அதற்காகக் கூட்டணி ஆட்சியே அறத்துக்கு எதிரானது என்று சொல்வது தவறு. யாருக்கும் பெரும்பான்மை தராததும் மக்கள் தீர்ப்புதான். 'நீங்கள் யாரும் தனியாக ஆள வேண்டாம்' என்பதே அதன் பொருளாக இருக்கக்கூடும். அப்போது கொள்கையில் ஓரளவு விட்டுக்கொடுத்து இணைவது கடமை. எதையும் விட்டுக்கொடுக்காத கட்சி தூய்மையானது போலத் தோன்றலாம். ஆனால் அந்தத் தூய்மையின் விலையை மறுதேர்தலாகவும் நிர்வாகத் தேக்கமாகவும் கட்டுகிறவர் சாதாரண மனிதர். விட்டுக்கொடுப்பதில் குற்றமில்லை. எதை விட்டுக்கொடுத்தோம், பதிலுக்கு என்ன பெற்றோம் என்பதை வாக்குத் தந்தவரிடம் மறைப்பதுதான் குற்றம். வாக்கு என்பது விற்றுத் தீர்ந்த சரக்கல்ல, நம்பி ஒப்படைத்த பொருள். ஒப்படைத்தவருக்குக் கணக்குக் காட்டாமல் அதைக் கைமாற்ற யாருக்கும் உரிமையில்லை.

கணக்குக் காட்டுவது எப்படி என்பதற்கும் அதே காலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. ராஜாஜி விலகியபின் 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். அவரும் அப்போது சட்டமன்ற உறுப்பினர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் அனுப்பிய மக்களவை உறுப்பினர். மேலவை வழி அவருக்கும் திறந்தே இருந்தது. அவரோ குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். தன் சொந்த வட்டாரத்தை விட்டு வெகு தொலைவில் உள்ள தொகுதி அது. மக்களிடம் போய்க் கேட்டு, வென்று வந்தார். அந்த அமைச்சரவையிலும் மாணிக்கவேல் நாயக்கர் இருந்தார். ராமசாமி படையாட்சியாரும் சேர்ந்தார். கூட்டு அதே கூட்டுதான். குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. காங்கிரஸை எதிர்த்துப் போட்ட வாக்கு எங்கே போனது என்ற உழைப்பாளர் கட்சி வாக்காளரின் கேள்விக்குக் குடியாத்தம் பதில் சொல்லிவிடவில்லை என்பது உண்மை. அவர்களுக்கு அந்தக் கடன் கடைசி வரை நின்றது. ஆனாலும் ஆட்சியின் தலைவர், கடனாக வாங்கிய நம்பிக்கையை மக்களிடமே போய்ப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரு கடமையைக் காமராஜர் சட்டம் கட்டாயப்படுத்தாமலே ஏற்றார். 1952க்கும் 1954க்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு சட்டம் பல வேலிகளைப் போட்டது. 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. 1988இல் சர்க்காரியா ஆணையம், ஆளுநர் யாரை முதலில் அழைக்க வேண்டும் என்று வரிசை வகுத்தது: தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணி, பிறகு மற்றவர்கள் ஆதரவுடன் தனிப்பெரும் கட்சி, அதன்பின் அனைவரும் ஆட்சியில் பங்கேற்கும் தேர்தலுக்குப் பிந்தைய கூட்டணி, கடைசியாகச் சிலர் வெளியிலிருந்து ஆதரிக்கும் கூட்டணி. 1994இல் எஸ். ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம், பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் ஆளுநர் மாளிகை அல்ல, சட்டமன்றமே என்றது. 2003இல் வந்த 91ஆவது திருத்தம் அமைச்சர்களின் எண்ணிக்கையை அவையின் 15 விழுக்காட்டுக்குள் அடக்கியது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பெரிய ஓட்டை அடைபடவில்லை. கட்சிக் கட்டளையை மீறித் தனியாக மாறும் உறுப்பினர் பதவியை இழக்கிறார். ஒரு கட்சி முழுவதுமாக, தலைமையின் முடிவோடு, தேர்தலில் எதிர்த்த கட்சியிடம் போய்ச் சேர்ந்தால் எவருக்கும் எந்த இழப்பும் இல்லை. வாக்காளருக்கு இழைத்த துரோகம் இரண்டிலும் ஒன்றே. தனி மனிதரின் சபலத்தைத் தண்டிக்கும் சட்டம், கட்சித் தலைமையின் பேரத்தைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது.

சர்க்காரியா வரிசையில் முதலிடம் தேர்தலுக்கு முந்தைய கூட்டணிக்கு ஏன் என்பதில் அறம் இருக்கிறது. அங்கே யாருடன் யார் என்பது வாக்களிக்கும் முன்பே தெரியும். 2006இல் தி.மு.க.வுக்கு 234இல் 96 இடங்கள்தான். காங்கிரஸ் போன்ற கூட்டணிக் கட்சிகளின் ஆதரவில் 'மைனாரிட்டி அரசு' என்ற ஏச்சோடு அது நடந்தது. ஆட்சியின் செயல்களைப் பற்றி யாரும் எதையும் சொல்லலாம். ஆனால் அதன் பிறப்பில் வாக்காளர் ஏமாற்றப்படவில்லை. சேர்ந்து மேடையேறியவர்களே சேர்ந்து கை தூக்கினார்கள்.

தேர்தலுக்குப் பின் சேர்வது தவிர்க்க முடியாதபோது என்ன செய்வது? ஜெர்மனி ஒரு வழி காட்டுகிறது. 2017 தேர்தலில் தோற்ற சமூக ஜனநாயகக் கட்சி, எதிர்க்கட்சி வரிசையில் உட்காரப்போவதாக அறிவித்தது. மற்றவர்களின் பேச்சுவார்த்தை முறிந்ததும் அது மனம் மாற வேண்டியதாயிற்று. 170 பக்கங்களுக்கு மேற்பட்ட கூட்டணி ஒப்பந்தம் எழுதி வெளியிடப்பட்டது. பிறகு கட்சியின் உறுப்பினர்கள் எல்லோரிடமும் அது வாக்கெடுப்புக்குப் போனது. 66 விழுக்காட்டினர் ஒப்பினர். அதன்பிறகே, தேர்தல் முடிந்து ஐந்து மாதங்களுக்கு மேல் கழித்து, அரசு அமைந்தது. உறுப்பினர் வேறு, வாக்காளர் வேறு என்ற குறை இதிலும் உண்டு. ஆனால் சொன்ன சொல்லை மாற்றினால் அதற்குக் காரணம் எழுத்தில், எல்லோரும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்ற நெறி அங்கே வேரூன்றியிருக்கிறது. இந்தியாவில் 1996இலும் 2004இலும் வந்த குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டங்கள் அந்தத் திசையில் வைத்த அடிகளே.

கான்சாபுரத்தில் காலையிலேயே வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு அடுத்த ஐந்தாண்டுகளுக்கு வேறு ஆயுதம் இல்லை. அவரிடம் வாக்கு வாங்கிய கட்சி வேறொரு கட்சியோடு சேர நேர்ந்தால், அது அவருக்கு மூன்று பதில்கள் கடன்பட்டிருக்கிறது. எந்த வாக்குறுதி போயிற்று, எது நின்றது? யாருக்கு எந்தப் பதவி, எதற்காக? இந்தக் கூட்டு எத்தனை நாளைக்கு, எந்த நிபந்தனையில்? இவற்றைப் பதவியேற்பதற்கு முன்பே அச்சிட்டு ஊரறிய வெளியிட எந்தச் சட்டமும் தேவையில்லை, நாணயம் போதும். வாக்காளரும் தேர்தல் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாக்குக் கேட்டு வீட்டுப் படியேறும் ஒவ்வொருவரிடமும், 'பெரும்பான்மை வராவிட்டால் யாரோடு சேர்வீர்கள், யாரோடு சேரவே மாட்டீர்கள்?' என்று கேட்டு, பதிலை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்ல மறுப்பவர், நாளை வாக்காளர் பெயரால் எதையும் விற்கக்கூடியவர். அவருக்கு வாக்கு மறுப்பதே நியாயம்.