நடுவில் நிற்கும் தாயின் பெயர்

1932ஆம் ஆண்டின் வகுப்புவாரித் தீர்ப்பைப் படித்தவர்களுக்கு ராம்சே மெக்டொனால்டு என்ற பெயர் தெரிந்திருக்கும். அதை வெளியிட்ட பிரிட்டிஷ் பிரதமர். தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்த அந்தப் பெயரின் முற்பாதி, அவருடைய தாயின் குடும்பப்பெயர்.

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள லாஸ்ஸிமவுத் என்ற மீனவர் ஊரில் 1866இல் அவர் பிறந்தார். தாய் ஆன் ராம்சே, பண்ணை வேலைக்குப் போன பெண். தந்தை ஜான் மெக்டொனால்டும் பண்ணைத் தொழிலாளிதான். இருவருக்கும் திருமணம் நடக்கவில்லை. தாயும் பாட்டியும் பிள்ளையை வளர்த்தார்கள். பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயர் ஜேம்ஸ் மெக்டொனால்டு ராம்சே. தாயின் பெயர் கடைசியில், குடும்பப்பெயராக நின்றது. வளர்ந்தபின் அவர் ஜேம்ஸ் ராம்சே மெக்டொனால்டு ஆனார். இரண்டு சொற்கள் இடம் மாறின, அவ்வளவுதான்.

ராம்சே முதலில் ஓர் ஊரின் பெயர். இங்கிலாந்தின் ராம்சே என்ற ஊர்ப்பெயருக்குப் பழைய ஆங்கிலத்தில் காட்டுப்பூண்டு விளையும் தீவு என்று பொருள். 12ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் குடியேறிய பிரபுக்களோடு அது குடும்பப்பெயராக வந்தது. பிறகு ஆண்பிள்ளைகளுக்குச் சூட்டும் பெயராகவும் ஆயிற்று. குடும்பப்பெயர்கள் இப்படி ஆண்பெயர்களாவதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு முக்கிய வழி, தாயின் பிறந்தவீட்டுப் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம். 1850இல் எடின்பரோவில் பிறந்த எழுத்தாளர் ஸ்டீவன்சனுக்கு இட்ட முழுப்பெயர் ராபர்ட் லூயிஸ் பால்ஃபோர் ஸ்டீவன்சன். பால்ஃபோர் அவருடைய தாய் மார்கரெட்டின் குடும்பம்.

இங்கேதான் எனக்குக் கேள்வி எழுகிறது. மார்கரெட்டின் பெயரும் மகனிடம் போனது, ஆனின் பெயரும் மகனிடம் போனது. ஒரு வீட்டில் அது பெருமை, இன்னொரு வீட்டில் களங்கம். நடுவில் நின்றால் தாய்வீட்டுக்குச் செய்யும் மரியாதை. கடைசியில் நின்றால், தந்தை இல்லை என்று ஊருக்குச் சொல்லும் அறிவிப்பு. சொல்லில் குற்றம் இல்லை. அதற்குப் பின்னால் ஓர் ஆணின் பெயர் வந்து நிற்கிறதா என்பதை வைத்தே மானமும் அவமானமும் தீர்மானிக்கப்பட்டன.

அந்த அவமானத்தை ஆயுதமாக எடுக்கவும் ஆள் இருந்தது. முதல் உலகப்போரை மெக்டொனால்டு எதிர்த்தார். அதற்காக 1915இல் ஹொரேஷியோ பாட்டம்லி தன் ‘ஜான் புல்’ இதழில் அவருடைய பிறப்புப் பதிவை அச்சிட்டு, பொய்ப்பெயரில் வாழ்கிறவர் என்று தூற்றினார். அரசியல்வாதி ஒருவரின் கொள்கையை மறுக்க அவருடைய தாயின் படுக்கையறையைத் திறந்து காட்டினால் போதும் என்று நினைக்கும் புத்தி நமக்குப் புதிதல்ல. அடி மகனுக்குத்தான். ஆனால் அடிக்க எடுத்த கோல் ஆனின் வாழ்க்கை. பிள்ளையைக் கைவிடாமல் வளர்த்தவளின் பெயர் இழிவுக்குச் சான்றானது. உடன் நிற்காதவனின் பெயர் கௌரவம் தரும் பெயராக இருந்தது.

ராம்சே என்பதும் ஆனின் தந்தைவழிப் பெயர்தானே, அதை எப்படி ஒரு பெண்ணின் பெயர் என்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ‘மாக்’ என்றால் மகன். அந்த மொழியில் பெண்ணின் குடும்பப்பெயருக்கு ‘நிக்’ என்ற தனி முன்னொட்டு உண்டு. ஆங்கிலப் பதிவேடுகளில் அதுவும் மறைந்தது. மகளும் ‘மகன்’ என்ற சொல்லையே சுமந்தாள். பெண்ணுக்கென்று பெயர்வழி ஒன்று விட்டுவைக்கப்படாத இடத்தில், கையில் கிடைத்த பெயரைத்தான் அவள் பிள்ளைக்குத் தர முடியும். பெயர் அவள் தந்தையிடமிருந்து வந்திருக்கலாம். அதை உழைத்துக் காப்பாற்றி மகனிடம் சேர்த்தவள் அவள். உரிமை என்பது பிறந்த வழியால் மட்டும் வருவதா, சுமந்த தோளாலும் வருவதா? சுமந்த தோளுக்கும் உண்டு என்றே நான் சொல்வேன்.

மெக்டொனால்டு தாயின் பெயரைக் கைவிடவில்லை, நடுவில் வைத்துக்கொண்டார். உலகம் அவரை ஜேம்ஸ் என்று அழைக்கவில்லை, ராம்சே என்றே அழைத்தது. ஆனாலும் அப்படி அழைத்தவர்களில் எத்தனை பேருக்கு ஆன் நினைவில் வந்திருப்பாள்? மகனின் பெயராகிப் பிழைத்தபோது, அது அவளுடைய பெயர் என்பது மறைந்துபோனது. இது மரியாதையா, மறைப்பா என்று ஒரு சொல்லில் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான். ஆகவே இனி எந்த ஆணின் பெயருக்கு நடுவிலும் பழக்கமில்லாத ஒரு சொல்லைக் கண்டால், அது எந்த ஊர், எந்தக் குலம் என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். அதைக் கொண்டுவந்து சேர்த்தவள் யார் என்றும் கேட்போம்.