உழைச்செல்வானின் நிமிடங்கள்

தன் உடலைத் தானே பேணிக்கொள்ள இயலாத முதியவரை ஏற்றுக்கொள்ளும் இல்லத்தில் எத்தனை பேர் பணியில் இருந்தாக வேண்டும் என்பதை அரசு விதிக்க வேண்டுமா, அல்லது இல்லங்களின் தரத்தை ஒப்பிட்டு வெளியிட்டுவிட்டுத் தேர்வைக் குடும்பத்தாரிடம் விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு அமெரிக்க அரசு இரண்டு ஆண்டுகளுக்குள் இரு எதிரெதிர் விடைகளை அளித்திருக்கிறது. 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட விதி, இல்லத்தில் தங்கியிருக்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3.48 மணி நேரப் பராமரிப்பு கிடைக்க வேண்டும் என்றும், அதில் 0.55 மணி பதிவுபெற்ற செவிலியருடையதாகவும், 2.45 மணி குளிப்பாட்டவும் ஊட்டவும் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லவும் உள்ள உதவியாளருடையதாகவும் இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. 2025 ஏப்ரலில் டெக்சாஸில் உள்ள நடுவண் நீதிமன்றம் ஒன்று, நாடாளுமன்றம் தராத அதிகாரத்தைத் துறை எடுத்துக்கொண்டது என்று கூறி விதியின் முக்கியப் பகுதிகளை நீக்கியது; ஜூலையில் வந்த சட்டம் அதை 2034 வரை நடைமுறைப்படுத்தக் கூடாது என்றது; டிசம்பரில் அரசே விதியைத் திரும்பப் பெற்றது. எஞ்சி நிற்பது ஒப்பீட்டுப் பட்டியல். கைவிடப்பட்டது ஒரு கணக்கு மட்டுமன்று, இயலாதவர்பால் அரசுக்குள்ள முதற்கடமை என்பதே இக்கட்டுரையின் முடிபு.

தமிழ்நாட்டில் ‘நர்சிங் ஹோம்’ என்ற பெயர்ப்பலகை மருத்துவர் ஒருவர் நடத்தும் சிறு மருத்துவமனையையே குறிக்கும். அமெரிக்காவில் அச்சொல், இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நிலையை எய்தியவர்கள், பெரும்பாலும் இறுதிக்காலம் வரை, தங்கும் பராமரிப்பு இல்லத்தைக் குறிக்கிறது. அத்தகைய இல்லங்கள் ஏறத்தாழ 15,000 உள்ளன. அவற்றில் சுமார் 12 இலட்சம் பேர் வாழ்கின்றனர். பத்தில் ஏழு இல்லங்கள் இலாப நோக்குடையவை. ஆயினும் அங்கே தங்கியிருப்போரில் பெரும்பான்மையோருக்குக் கட்டணம் செலுத்துவது ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டமாகிய மெடிக்கெய்ட். பொதுப்பணம் செல்லும் இடத்தில் பொதுக்கடமையும் உடன் செல்ல வேண்டும் என்பது வாதத்துக்கு உரிய செய்தியே அன்று.

1998இல் தொடங்கிய ஒப்பீட்டு முறைக்கு 2008 டிசம்பரில் நட்சத்திரங்கள் சேர்ந்தன. ஆய்வாளர் கண்ட குறைகள், பணியாளர் அளவு, படுக்கைப்புண், கீழே விழுதல் போன்ற பராமரிப்பு விளைவுகள் ஆகிய மூன்றையும் கூட்டி, ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கப்படுகிறது. நோக்கம் நல்லது. ஆனால் மொத்த மதிப்பீட்டுக்கு அடிப்படையாகும் ஆய்வு நட்சத்திரம் ஒவ்வொரு மாநிலத்துக்குள்ளும் வரிசைப்படுத்தியே தரப்படுகிறது: மேல் நிலையில் உள்ள பத்து விழுக்காட்டினருக்கு ஐந்து, கடைசி இருபது விழுக்காட்டினருக்கு ஒன்று. ஒரு மாநிலத்தின் இல்லங்கள் அனைத்துமே சீர்கெட்டிருந்தாலும் பத்தில் ஒன்று ஐந்து நட்சத்திரத்தோடு ஒளிரும். அடுத்த வீட்டான் நம்மினும் அழுக்கன் என்பதால் நம் வீடு தூய்மையாகிவிடாது. நடுவு நிலைமையைத் துலாக்கோலுக்கு ஒப்பிட்ட வள்ளுவர், முதலில் தான் சமனாக நின்று பின்னர் பொருளை நிறுக்கும் கோலையே சான்றாகக் காட்டினார். தட்டில் வைத்தவற்றுக்கு ஏற்பத் தானே நகரும் கோலை அவர் ஏற்றிருக்க மாட்டார்.

கோல் நகர்வது ஒரு குறை. அதில் கைவைப்பது மற்றொரு குறை. பணியாளர் எண்ணிக்கை நெடுங்காலம் இல்லங்களே சொல்லக் கேட்டு எழுதப்பட்டது. ஊதியப் பதிவேட்டிலிருந்து எடுக்கும் முறை 2018இல்தான் மதிப்பீட்டுக்குள் வந்தது. அந்தப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, வார இறுதிகளில் பணியாளர் குறைவதையும் ஆய்வாளர் வரும் காலத்தில் கூடுவதையும் வெளிக்கொணர்ந்தது. விளைவுகளைப் பற்றிய தகவல்களுள் பல இன்றும் இல்லங்கள் தாமே அளிப்பவை. உளநோய் மருந்து தந்து முதியவரை மயக்கத்தில் வைக்கும் இல்லத்துக்கு மதிப்பெண் குறையும். ஆனால் மனச்சிதைவு நோயாளிகள் அக்கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே அந்நோய் இல்லாதவர்க்கும் அதன் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிய இல்லங்கள் உண்டு என்பது 2021இல் செய்தியாகி, 2023இல் அரசு அதற்கெனத் தணிக்கை தொடங்க வேண்டியதாயிற்று. ஆள் வைக்காமல் மருந்து வைத்தார்கள். மருந்தை மறைக்க நோயை வைத்தார்கள்.

மருத்துவத்துக்கு ஆள் இன்றியமையாதவர் என்பது பழைய நூல்கள் ஒருமித்துச் சொல்லும் உண்மை. குறளின் மருந்து அதிகாரம் நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து செய்வோனாகிய உழைச்செல்வானையும் சேர்த்தே மருத்துவத்தை நான்கு கூறாக்கி முடிகிறது. சரக சம்ஹிதையும் அதே நான்கு கால்களைச் சொல்லி, பணிவிடை செய்வோனுக்கு அறிவு, திறமை, அன்பு, தூய்மை ஆகியவற்றை இலக்கணமாக வகுக்கிறது. பௌத்த விநய நூலில், கழிச்சலால் தன் கழிவிலேயே கிடந்த துறவியைப் புத்தர் ஆனந்தரோடு சேர்ந்து நீராட்டிப் படுக்கவைத்து, தமக்குப் பணிசெய்ய விரும்புவோர் நோயுற்றோருக்குச் செய்க என்று சங்கத்தாரை நோக்கிக் கூறினார். ஆதரவற்றோரையும் முதியோரையும் நோயாளரையும் பேணுவதை அரசனின் கடமைகளுள் வைக்கிறது கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம். இரக்கத்தைவிட வருவாய்க் கணக்கில் அக்கறை மிகுந்த அந்நூலே அவ்வாறு சொல்லுமாயின் அதன் எடை கூடுகிறது. மணிமேகலைக் காப்பியம் கூறும் ஆபுத்திரனின் அமுதசுரபி காணாருக்கும் கேளாருக்கும் பிணியுற்றோருக்கும் உணவளித்தது. உங்களுக்குள் யார் மேலானவர் என்று அது வரிசை பார்க்கவில்லை.

உழைச்செல்வான் எதை அளிக்கிறான்? நேரத்தை. அசைய முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் எலும்பு அழுத்தும் இடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை அழுகும், அதுவே படுக்கைப்புண். விழுங்கச் சிரமப்படுபவருக்கு அவசரமாக ஊட்டினால் உணவு மூச்சுக்குழலில் இறங்கும். இவ்வேலைகளில் எதையும் நட்சத்திரம் செய்யாது. தீங்கு நேராதிருக்க ஒருவருக்கு நாளொன்றுக்கு 4.1 மணி நேரம் தேவை என்று 2001இலேயே அரசுக்கு அளிக்கப்பட்ட ஆய்வறிக்கை காட்டியது. 23 ஆண்டுகள் கழித்து வந்த விதி அதைவிடக் குறைவாகவே கேட்டது, அதுவும் மிகையாகிவிட்டது.

மறுதரப்புக்கும் சில நியாயங்கள் உண்டு. கிராமப்புறங்களில் செவிலியர் கிடைப்பது அரிது. பத்தாண்டுகளில் 4,300 கோடி டாலர் செலவாகும் என்று அரசே மதிப்பிட்டது. ஏறத்தாழ ஐந்தில் ஓர் இல்லமே அவ்விதியின் அளவுகளை அப்போது எட்டியிருந்தது. மூடப்படும் இல்லத்தில் எவருக்கும் பராமரிப்பு இல்லை. ஆனால் ஆள் கிடைக்கவில்லை என்ற குறையைக் கூறுவோர், கிடைத்த ஆள் ஏன் நிற்பதில்லை என்பதையும் கூற வேண்டும். தொற்றுக்காலத்துக்கு முந்தைய ஊதியப் பதிவுகளின்படி இவ்வில்லங்களில் செவிலிப் பணியாளர் வெளியேற்றம் சராசரியாக ஆண்டுக்கு நூறு விழுக்காட்டுக்கும் மேல்; குறைந்த கூலியும் முதுகொடியும் வேலையும் அதன் காரணங்கள். விலையுள்ளதற்கு மாற்று உண்டு, மாண்புள்ளதற்கு மாற்று இல்லை என்று 1785இல் காண்ட் வகுத்த வேறுபாட்டை இங்கே பொருத்திப் பார்த்தால், செலவைக் காட்டி நிமிடங்களைக் குறைப்போர் மாண்பை விலைப்பட்டியலில் சேர்க்கின்றனர் என்றே கொள்ள வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் உரிமை என்பதும் ஆராயத்தக்கது. இல்லத்தைத் தேடுவோர் பெரும்பாலும், மருத்துவமனை வெளியேற்றும் நாள் நெருங்கிய நிலையில், படுக்கை காலியாக உள்ள இரண்டொரு இடங்களுக்குள் முடிவெடுப்பவர்கள். நினைவிழந்த முதியவரோ எதையும் ஒப்பிடப்போவதில்லை. தொடித்தலை விழுத்தண்டினார் என்று தம் ஊன்றுகோலாலேயே பெயர்பெற்ற புறநானூற்றுப் புலவர், இருமலுக்கிடையே சில சொல் பேசும் முதுமையில், மடுவில் குதித்தாடிய இளமையை எண்ணி இரங்கினார். அவருக்குக் கோலாவது கையில் இருந்தது. மணி அடித்தும் எவரும் வராத அறையில் கிடப்பவருக்குத் தேர்வுரிமை எந்தக் கோலாகும்? ஒப்பீடு வேண்டாம் என்பதில்லை. எவரும் கீழிறங்க முடியாத தளம் ஒன்று இடப்பட்ட பிறகே, அதற்கு மேல் யார் உயர்ந்தவர் என்ற ஒப்பீட்டுக்கு அறத்தில் இடமுண்டு.

இயலாத காரியம் என்போர் ஆஸ்திரேலியாவைக் காணலாம். முதியோர் பராமரிப்பை ஆராய்ந்த நடுவண் விசாரணை ஆணையம் 2021இல் அளித்த அறிக்கைக்குப் பின் அங்கும் நட்சத்திர ஒப்பீடு வந்தது. கூடவே நிமிடக் கணக்கும் சட்டமாயிற்று. எல்லா இல்லங்களும் அதை எட்டிவிடவில்லை. எனினும் 2024 அக்டோபர் முதல் அங்கே விதிக்கப்பட்டுள்ள அளவு, ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 215 நிமிடம்; அமெரிக்கா பெருஞ்சுமை என்று கைவிட்ட அளவு 209 நிமிடம்.